ஜப்பான் ஏலத்தில் எடுத்த இன்டெக்ரா: ஓர் இறக்குமதியின் நிகழ்வு ஆய்வு

லண்டன் புறநகரில் ஒரு கராஜில் நீண்ட காலமாக வேலை செய்கிறேன். ஜப்பானிலிருந்து வந்த பழைய வேகக் கார்கள் எங்கள் லிஃப்டில் அடிக்கடி ஏறும். அவற்றில் ஒன்றை வாங்கும் முடிவில் முதல் நாளிலிருந்து நானும் கூட இருந்தேன். 2024 மார்ச்சில் தொடங்கி 2025 தொடக்கம் வரை நடந்ததை, வாங்கியவரின் சம்மதத்தோடு இங்கே பதிகிறேன். தொகைகள் அவருடைய ரசீதுகளிலிருந்து எடுத்தவை, கிட்டத்தட்ட முழு எண்ணாக்கியிருக்கிறேன். ஆட்கள், கடைகள், முகவர்கள் யாருடைய பெயரும் இதில் இல்லை.

பின்னணி

வாங்கியவருக்கு முப்பத்து நான்கு வயது. லண்டனுக்கு வெளியே, எம்25 வளையச்சாலைக்கு அப்பால் வசிக்கிறார். பெற்றோர் இருப்பது ஹாரோவில். வேலைக்குப் போக வீட்டில் வேறு கார் உண்டு. இது அவர் மாணவனாக இருந்த காலத்திலிருந்து ஆசைப்பட்ட கார்: ஹோண்டா இன்டெக்ரா டைப் ஆர், டிசி5 மாடல். எல்லாச் செலவும் சேர்த்து 20,000 பவுண்தான் எல்லை என்று தொடக்கத்திலேயே சொல்லிவிட்டார்.

இந்த மாடலைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் முழுக் கதையும் அதில்தான் தொங்குகிறது. 2001 முதல் 2006 வரை ஹோண்டா இதை ஜப்பானில் விற்றது. கே20ஏ எஞ்சின், 8,000 சுழற்சியில் 220 குதிரைத்திறன், ஆறு கியர், முன்னால் பிரெம்போ பிரேக், ரெகாரோ இருக்கை. பிரிட்டனில் ஹோண்டா இதை ஒருபோதும் அதிகாரபூர்வமாக விற்கவில்லை. இங்கே கிடைத்தது ஸ்விண்டன் ஆலையில் செய்த சிவிக் டைப் ஆர், 200 குதிரைத்திறன். ஆகவே பிரிட்டன் சாலைகளில் ஓடும் ஒவ்வொரு டிசி5 டைப் ஆரும் யாரோ ஒருவர் எப்போதோ கப்பலில் இறக்கியதுதான். 'உள்ளூரில் வாங்குவது' என்றால் இன்னொருவர் பத்துப் பதினைந்து வருடத்துக்கு முன் இறக்கியதை வாங்குவது. 'இறக்குமதி' என்றால் இவ்வளவு காலமும் ஜப்பானிலேயே இருந்ததை இப்போது இறக்குவது. இரண்டும் ஒரே கார். அந்த வருடங்களை அது எந்த ஊர்ச் சாலையில் கழித்தது என்பது மட்டுமே வேறு.

அது சின்ன வித்தியாசம் அல்ல. இங்கே குளிர்காலம் முழுக்கச் சாலையில் உப்புப் போடுகிறார்கள். ஜப்பானில் ஓடுவதற்காகச் செய்த கார்களின் அடிப்பாகத்தில் இந்த உப்பைத் தாங்கும் அளவுக்கு மெழுகுப் பூச்சு இருக்காது. வந்ததும் யாராவது பூசாவிட்டால் சில குளிர்காலங்களிலேயே கறள் பிடிக்கும். டிசி5-இல் அது பின் சக்கர வளைவிலும் கதவுக்குக் கீழே ஓடும் சில்லிலும் முதலில் தெரியும்.

இவருக்கு ஜப்பான் பக்கமே மனம் சாய்ந்திருந்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. அவருடைய தகப்பனார் கொழும்பில் ரீகண்டிஷன் வாகனங்களோடு, அதாவது ஜப்பானில் கொஞ்ச காலம் ஓடியபின் இறக்கிய வாகனங்களோடு, பழகியவர். ஏல அறிக்கையை (காரின் நிலையைப் பார்த்து ஜப்பானிய ஏலக்கூடம் எழுதும் தாள்) காட்டி வாகனம் விற்பது எங்கள் ஆட்களுக்குப் புதிதல்ல. 'ஜப்பானில் ஓடினது' என்ற ஒரு சொல்லுக்கே அங்கே மதிப்பு உண்டு. ஆனால் அந்த நம்பிக்கை இரண்டு மூன்று வயதுக் கார்களைப் பார்த்து வளர்ந்தது. நாங்கள் தேடியது இருபது வயதுக் கார். இந்த வேறுபாட்டை நான் அப்போதே அழுத்திச் சொல்லியிருக்க வேண்டும்.

உள்ளூரில் பார்த்த இரண்டு கார்கள்

ஏப்ரலில் முதல் கார். 2002-இல் செய்தது, 2007-இல் பிரிட்டன் வந்தது. கேட்ட விலை 11,500 பவுண். படங்களில் வெள்ளை நிறம் பளபளத்தது.

நேரில் போவதற்கு முன் நம்பர் பிளேட்டை வைத்து எம்ஓடி வரலாற்றைப் பார்த்தோம். வருடாந்தரச் சோதனையின் முடிவும், அன்றைக்கு ஓடியிருந்த தூரமும், சோதனையாளர் எழுதிய கவனக் குறிப்புகளும் அரசுத் தளத்தில் இலவசமாகக் கிடைக்கும். உள்ளூர்க் கார் வாங்குபவருக்கு இதைவிடப் பெரிய துணை கிடையாது. இந்தக் காருக்கு 2017-இலும் 2019-இலும் 'அடிப்பாகத்தில் அரிப்பு' என்ற குறிப்பு இருந்தது. 2020-இலிருந்து எதுவும் இல்லை. சரி, வேலை செய்திருக்கிறார்கள் என்று ஒருவர் நினைக்கலாம். எனக்கு அது கவலையைத்தான் தந்தது, ஏனென்றால் சரியாக வெட்டி ஒட்டியவர்களிடம் ரசீது இருக்கும். இந்த விற்பனையாளரிடம் எதுவும் இல்லை.

லிஃப்டில் ஏற்றினோம். சில் முழுவதும் அண்டர்சீல் என்ற கறுப்பு அடிப்பாகப் பூச்சு, தார் மாதிரித் தடிப்பாக அடித்திருந்தது. ஒரு இடத்தில் விரலால் அழுத்தியபோது உள்ளே போனது. பழைய கறளின் மேல் தகடு வைத்து ஒட்டி, அதன் மேல் பூசியிருக்கிறார்கள். ஓட்டிப் பார்த்தபோது மூன்றாவது கியர் கரகரத்தது. இந்தக் கியர்பெட்டிகளில் மூன்றாவது கியரின் சின்க்ரோ (கியர் உரசாமல் விழ உதவும் வளையம்) தேய்வது தெரிந்த குறைதான். சில் வேலைக்கு மட்டும் நான் 4,000 பவுணுக்குக் குறையாமல் கணக்குப் போட்டேன். வேண்டாம் என்று திரும்பினோம். இதில் எங்களுக்குள் கருத்து வேறுபாடே இல்லை.

மே மாதம் இரண்டாவது கார். இதை நான் இன்றும் மறக்கவில்லை. 2005-இல் செய்த பிந்திய வடிவம், 2016-இல் வந்தது, கறுப்பு நிறம், 71,000 மைல். கேட்ட விலை 16,500. உரிமையாளர் ஒரு பெட்டகத்தில் எல்லாத் தாள்களையும் வைத்திருந்தார்: வந்தபோதிருந்த ஏல அறிக்கை, ஏற்றுமதிச் சான்றிதழ், வந்த மாதமே அடிப்பாகத்துக்கு மெழுகு பூசிய ரசீது, இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மீண்டும் பூசியதற்கான ரசீதுகள். அடியில் படுத்துப் பார்த்தேன். தொழிற்சாலை வண்ணமும் வெல்டுப் புள்ளிகளும் அப்படியே தெரிந்தன. கியர் எல்லாம் சுத்தமாக விழுந்தது. அதிகப் புகை விடும் வாகனங்களுக்குக் கட்டணம் வாங்கும் லண்டன் யூலெஸ் வலயத்தில் கட்டணம் இல்லாதபடி புகை அளவு ஆவணங்களை அனுப்பி, விலக்கும் வாங்கி வைத்திருந்தார். குறை என்று சொன்னால், சஸ்பென்ஷனும் புகைக்குழாயும் ஹோண்டாவினது அல்ல, வெளியார் தயாரிப்பு. விலையில் ஒரு பவுணும் குறைக்க மாட்டேன் என்றார்.

"தம்பி, இதை எடு" என்றேன்.

"நல்ல கார்தான் அண்ணை. ஆனா கறுப்பு. எனக்கு வெள்ளையும் சிவப்புச் சீற்றும்தான் மனசில இருக்கு."

நிறத்துக்காக ஒரு காரை விடுவதை நான் குறை சொல்ல மாட்டேன். இது தேவைக்கு வாங்கும் கார் இல்லை, விருப்பத்துக்கு வாங்கும் கார். ஆனால் நிறம் மட்டுமே காரணமாக இருக்கவில்லை. அவர் ஒரு கணக்கையும் போட்டு வைத்திருந்தார்.

ஏன் இறக்குமதி என்று முடிவானது

ஜூலை முதல் பாதியில் பவுண் ஒன்றுக்கு 206 யென்னுக்கு மேல் கிடைத்தது. பல வருடங்களில் காணாத அளவுக்கு யென் மலிந்திருந்தது. 19 லட்சம் யென்னுக்கு நல்ல வெள்ளைக் கார் எடுக்கலாம் என்று ஜப்பானிய முகவர் சொல்லியிருந்தார். ஏலக்கூடக் கட்டணம், முகவர் கூலி, துறைமுகம் வரை கொண்டுபோவது எல்லாம் 1.6 லட்சம். கப்பல், காப்புறுதி 2.5 லட்சம். மொத்தம் 23.1 லட்சம் யென், அதாவது சுமார் 11,200 பவுண். அதன் மேல் 10 சதவீதம் சுங்கம், சுங்கமும் சேர்ந்த தொகையின் மேல் 20 சதவீதம் வாட் எனும் மதிப்புக்கூட்டு வரி. 14,800 ஆகிறது. இங்கே இறங்கியபின் வேலைகளுக்கு 1,400. ஆக 16,200.

கறுப்புக் காரைவிட 300 பவுண் குறைவு, அதுவும் விரும்பிய நிறத்தில், உப்பே படாத அடிப்பாகத்தோடு. காகிதத்தில் அது நியாயமான கணக்கு. நானும் கூட்டல் கழித்தலைச் சரிபார்த்துத் தலையாட்டினேன். அதில் இருந்த மூன்று எண்கள் (ஏல விலை, யென் விகிதம், இறங்கிய பின்னான வேலை) மூன்றுமே மிகச் சாதகமான பக்கத்தில் வைக்கப்பட்டவை என்பதை இருவருமே கேட்டுக்கொள்ளவில்லை.

சுங்கம் பற்றி ஒன்று. பிரிட்டனும் ஜப்பானும் செய்த வர்த்தக ஒப்பந்தம் 2021 தொடக்கத்திலிருந்து நடைமுறையில் இருக்கிறது. அதன்படி ஜப்பானில் செய்த கார்களுக்குச் சுங்கம் படிப்படியாகக் குறைந்து வந்தது. ஆனால் சலுகை பெற, கார் எங்கே செய்யப்பட்டது என்பதற்கான பூர்வீகச் சான்று வேண்டும். ஏலத்தில் எடுத்துத் தரும் முகவரால் அதைத் தர இயலவில்லை. முழு 10 சதவீதமும் கட்ட வேண்டும் என்று எடுத்துக்கொண்டோம், அப்படியேதான் கட்டினார்.

ஏல அறிக்கையும் அது சொல்லாததும்

ஜூலையில் நாலு கார்களுக்குக் கை உயர்த்தினார். நாலும் 19 லட்சத்தைத் தாண்டிப் போயின. மாத முடிவில் எல்லையை 21 லட்சமாக உயர்த்தினார். ஆகஸ்ட் 1, வியாழக்கிழமை, கான்டோ பகுதியிலுள்ள ஒரு பெரிய ஏலக்கூடத்தில் கார் கிடைத்தது. சரியாக 21 லட்சம்.

அறிக்கையில் இருந்தது: 2004, 88,000 கிலோமீட்டர், மொத்தத் தரம் 4, உள்தரம் பி. கார்ப் படத்தின் மேல் குறியீடுகள். ஏ1 என்றால் சிறு கீறல், அது நாலைந்து இடத்தில். இடக் கதவில் யூ1, சிறு குழி. வலப் பின்பக்கத்தில் டபிள்யூ1, தகடு சரிசெய்து வண்ணம் அடித்ததன் அலை தெரிகிறது என்பது பொருள். குறிப்புப் பகுதியில் புகைக்குழாய் வெளியார் தயாரிப்பு, அடிப்பாகத்தில் சிறு கறள். பழுதுபார்த்த வரலாறு இல்லை.

அந்தக் கடைசி வரியைப் பலர் தவறாகப் படிக்கிறார்கள். ஜப்பானில் அந்தச் சொல் காரின் எலும்புக்கூட்டைப் பற்றியது: சட்டகம், தூண்கள், தளம், கூரை, உட்பலகைகள். அவற்றில் வெட்டி ஒட்டியிருந்தால்தான் கார் ஆர் அல்லது ஆர்ஏ தரத்துக்கு இறங்கும். போல்ட் கழற்றி மாட்டக்கூடிய பொன்னட், முன் மட்கார்ட், கதவு எல்லாம் மாற்றப்பட்டிருந்தாலும் 'வரலாறு இல்லை' என்றே வரும். ஆகவே அது 'அடிபடாத கார்' என்று சொல்லவில்லை, 'எலும்பு முறியாத கார்' என்று மட்டும் சொல்கிறது.

கார் இருந்த ஊரையும் கேட்டோம். ஹொக்கைடோவிலும் வட ஹொன்ஷுவிலும் பனி அதிகம், அங்கேயும் சாலையில் உப்பு வகைகளைத் தூவுகிறார்கள். ஜப்பான் என்பதாலேயே அடிப்பாகம் சுத்தம் என்று எண்ணுவது தவறு. இந்தக் கார் ஷிசுவோக்காவில் இருந்தது, பனி அரிதான கடலோரம். முகவர் அனுப்பிய அடிப்பாகப் படங்கள் திருப்தியாக இருந்தன. திருகுத் தலைகளிலும் புகைக்குழாய் மூட்டிலும் மட்டும் மேலோட்டமான பழுப்பு.

இங்கேதான் என் தவறு. உடலுக்கும் அடிப்பாகத்துக்கும் பதினெட்டுப் படங்கள் கேட்டு வாங்கினேன். முதல் காரில் கியர் கரகரத்ததைக் காதால் கேட்ட நானே, இந்தக் காரின் கியர்பெட்டியைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்கவில்லை. ஏலத்துக்கு வரும் காரை யாரும் சாலையில் ஓட்டிப் பார்ப்பதில்லை, மைதானத்துக்குள் நகர்த்துவதோடு சரி. சூடான எஞ்சினோடு உயர் சுழற்சியில் மூன்றாவது கியர் எப்படி விழுகிறது என்பது அந்தத் தாளில் வர வழியே இல்லை. அறிக்கையில் இல்லாததைக் குறை இல்லாததாக எடுத்துக்கொண்டேன்.

யென்

ஏலத்துக்கு முந்தைய நாள், ஜூலை 31 அன்று, ஜப்பான் மத்திய வங்கி வட்டியை 0.25 சதவீதத்துக்கு உயர்த்தியது. அதற்குச் சில நாள் முன்பிருந்தே யென் ஏறிக்கொண்டிருந்தது. வியாழன் கார் கிடைத்தது, வெள்ளி பில் வந்தது. 'ரெண்டு நாள் பொறுத்தா விகிதம் திரும்பும்' என்று காத்திருந்தார். திங்கட்கிழமை, ஆகஸ்ட் 5, உலகச் சந்தைகள் சரிந்தன, டோக்கியோப் பங்குக் குறியீடு ஒரே நாளில் 12 சதவீதம் விழுந்தது. அன்று பவுணுக்கு 183 யென் என்ற விகிதத்தில் பணம் அனுப்பினார். மேலும் பொறுத்திருந்தால் முகவரின் கெடு கடந்திருக்கும்.

25.1 லட்சம் யென்னுக்கு 13,700 பவுண் போனது. 206-இல் அது 12,200 ஆக இருந்திருக்கும். 1,500 பவுண் வித்தியாசம், அதன் மேல் சுங்கமும் வாட்டும் ஏறுவதால் உண்மையில் இன்னும் கூட. தேடத் தொடங்கிய நாளிலேயே யென்னை வாங்கி ஒரு பல நாணயக் கணக்கில் போட்டு வைத்திருக்கலாம். அந்த யோசனை எங்கள் இருவருக்கும் வரவில்லை.

கடலில் எட்டு வாரம்

யோகொஹாமாவிலிருந்து ஆகஸ்ட் கடைசி வாரம் கப்பல் புறப்பட்டது. காரை ஓட்டி ஏற்றி ஓட்டி இறக்கும் ரோரோ வகைக் கப்பல். செங்கடலில் கப்பல்கள் தாக்கப்படத் தொடங்கிய பிறகு பல நிறுவனங்கள் சூயஸ் வழியை விட்டு, ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றி வந்துகொண்டிருந்தன. இதுவும் அப்படித்தான். சவுத்ஹாம்டனில் இறங்கியபோது அக்டோபர் மூன்றாம் வாரம்.

சுங்கமும் வாட்டுமாகச் சுமார் 4,300 பவுண். வந்த 14 நாளுக்குள் வருமான வரித்துறைக்கு 'நோவா' என்ற வாகன வருகை அறிவிப்புக் கொடுக்க வேண்டும், அதைத் துறைமுக முகவரே செய்தார். 10 வயதைத் தாண்டிய கார் என்பதால் தனி வாகன ஒப்புதல் சோதனை தேவைப்படவில்லை, எம்ஓடி போதும்.

கார் 30 வயதைத் தாண்டி, மாற்றம் செய்யப்படாத சேகரிப்புப் பொருளாக ஏற்கப்பட்டால் சுங்கமே இல்லாமல் 5 சதவீத வாட்டோடு இறக்கலாம். பழைய நிசான் ஸ்கைலைன் கார்களை இங்கே இறக்குபவர்கள் அந்த வாசலைத்தான் பார்க்கிறார்கள். 2004 கார் ஒன்றுக்கு அது பொருந்தாது.

இறங்கிய பிறகு

எங்கள் கராஜுக்கு வந்த அன்று லிஃப்டில் ஏற்றிப் பார்த்தேன். உண்மையாகவே சொல்கிறேன், மனம் நிறைந்தது. இருபது வயதுக் காரின் சில் விளிம்பு புதிதுபோல் இருந்தது. சப்ஃப்ரேம் எனும் அடிச்சட்டத்தின் போல்ட் ஒவ்வொன்றும் உடையாமல் கழன்றது. இங்கே ஓடிய கார்களில் அதே போல்ட்டுகளை நெருப்பு வைத்துத்தான் எடுக்க வேண்டியிருக்கும். அறிக்கையில் டபிள்யூ1 என்று இருந்த இடத்தில் குழியை நிரப்பும் பட்டி கொஞ்சம் இருந்தது, தகடு உள்ளே நன்றாகவே இருந்தது.

எம்ஓடிக்கு முன் செய்ய வேண்டியவை தெரிந்தவைதான். பின்பக்கச் சிவப்பு மூடுபனி விளக்கு இங்கே கட்டாயம், ஜப்பான் காரில் அது இல்லை. வேகமானி மைலில் காட்ட வேண்டும். ஜப்பானிலும் இடப்பக்கம் ஓட்டுவதால் முன்விளக்கில் கை வைக்க வேண்டியிருக்கவில்லை. டயர் நாலும் பார்வைக்கு நல்ல பட்டை, ஆனால் பக்கச்சுவரிலிருந்த தேதி பழையது, ரப்பர் கல்லாகியிருந்தது. மாற்றினோம். ஜப்பானிய வானொலி அலைவரிசை 76 மெகாஹெர்ட்ஸில் தொடங்குவதால் பழைய ரேடியோவில் இங்குள்ள நிலையங்கள் பெரும்பாலும் வரவில்லை. அதை அவர் அப்படியே விட்டுவிட்டார்.

காப்புறுதி எதிர்பாராத இடத்தில் இழுத்தது. ஒப்பிடும் தளங்களில் இந்த மாடலே பட்டியலில் இல்லை. ஜப்பானியச் சேசிஸ் எண் குறுகியது, பதினேழு இலக்கக் கட்டத்தில் பொருந்தாது. இறக்குமதிக் கார்களுக்கென்றே இருக்கும் தரகர் மூலம் எடுத்தார். திருட்டுப் போனால் காரின் இடத்தைக் காட்டும் அங்கீகரிக்கப்பட்ட டிராக்கர் பொருத்த வேண்டும் என்று நிபந்தனை, 350 பவுண்.

ஏற்றுமதிச் சான்றிதழ், அதன் மொழிபெயர்ப்பு, எம்ஓடி, பதிவு விண்ணப்பம், 55 பவுண் முதல் பதிவுக் கட்டணம் எல்லாம் நவம்பர் நடுவில் வாகனப் பதிவு அலுவலகமான டிவிஎல்ஏவுக்குப் போயின. எண் வந்தது டிசம்பர் முதல் வாரம். அதற்குள் சாலையில் உப்பு விழத் தொடங்கிவிட்டது. ஓட்ட ஆசை தாங்கவில்லை அவருக்கு. நான் ஒரே விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை: அடிப்பாகத்தை நீராவியால் கழுவி, இரண்டு நாள் உலர விட்டு, குழிகளுக்குள் மெழுகு செலுத்தி, வெளியே ஒளி ஊடுருவும் பூச்சு அடிக்கும் வரை கார் வெளியே போகாது என்றேன். கறுப்புப் பூச்சு வேண்டாம் என்றதற்குக் காரணம் உண்டு. பின்னாளில் வாங்க வருபவர் உள்ளே இருப்பதைத் தன் கண்ணால் பார்க்க முடிய வேண்டும். 650 பவுண். இந்த முழுச் செலவிலும் மிகப் பயனுள்ள தொகை அதுதான் என்பேன்.

மூன்றாவது கியர்

ஓட்டத் தொடங்கிய முதல் வாரமே தொலைபேசி வந்தது.

"அண்ணை, சூடேறினாப் பிறகு மூண்டு கரகரக்குது."

கியர் எண்ணெய் மாற்றிப் பார்த்தோம். குளிரில் கொஞ்சம் குறைந்தது, சூட்டில் அப்படியே. ஜனவரியில் பெட்டியைக் கழற்றினோம். மூன்றாவது சின்க்ரோ தேய்ந்திருந்தது, நான்காவதும் பாதி வழியில். பெட்டி வெளியே இருக்கும்போதே கிளட்சையும் பார்த்தேன், அது நன்றாக இருந்தது, தொடவில்லை. உதிரியும் கூலியுமாக 1,450 பவுண்.

முகவரிடம் கேட்டார். ஏலக்கூடத்தில் முறையீடு செய்யும் கெடு நாட்கணக்கில்தான் இருக்கும், கார் கடலில் இருக்கும்போதே அது முடிந்துவிட்டது என்று பதில் வந்தது. முகவரின் விதிமுறையில் அது முன்பே எழுதியிருந்தது. நாங்கள் படிக்கவில்லை.

யூலெஸ் விஷயமும் இன்னும் முடியவில்லை. 2023 ஆகஸ்ட் 29 முதல் லண்டனின் எல்லாப் பகுதிகளும் அந்த வலயத்துக்குள் வந்துவிட்டன, ஹாரோவும் உட்பட. தளத்தில் இந்தக் காரின் எண்ணைப் போட்டால் நாளுக்கு 12.50 பவுண் கட்டணம் என்று வருகிறது. நைட்ரஜன் ஆக்சைடு அளவு கிலோமீட்டருக்கு 0.08 கிராமுக்கு மேல் இல்லை என்று காட்டும் ஆவணம் கொடுத்தால் மாற்றுவார்கள். அந்த ஆவணம் திரட்டும் வேலை இதை எழுதும்போதும் நடக்கிறது. அதுவரை பெற்றோரைப் பார்க்கப் போகும்போது வீட்டின் மற்றக் காரை எடுக்கிறார்.

முடிவில் ஆன கணக்கு

ஜப்பானுக்கு அனுப்பியது 13,700. சுங்கம், வாட் 4,300. துறைமுகக் கட்டணமும் ஏற்றி வந்த கூலியும் 600. மூடுபனி விளக்கும் வேகமானியும் 240, டயர் 480, அடிப்பாகம் 650, டிராக்கர் 350, எம்ஓடி, பதிவு, பிளேட் 135. சாலைக்கு வந்த நாளில் 20,450 பவுண். கியர்பெட்டியோடு 21,900. எல்லையாக வைத்திருந்ததைவிட 1,900 கூட, கறுப்புக் காரின் விலையைவிட 5,400 கூட. அந்தக் காருக்கும் கொஞ்சம் வேலை இருந்திருக்கும், 1,000 என்று வைத்தாலும் இடைவெளி 4,400.

அந்த 4,400-க்கு அவருக்குக் கிடைத்தது விரும்பிய நிறம், ஹோண்டா பொருத்திய சஸ்பென்ஷன், உப்பையே அறியாத அடிப்பாகம். அவர் வருத்தப்படவில்லை. கராஜுக்கு வரும்போதெல்லாம் இறங்கி ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே வருகிறார். ஆனால் 300 பவுண் மிச்சம் என்று எண்ணித்தான் இந்த வழியில் இறங்கினார் என்பதையும் பதிய வேண்டும். 4,400 கூட ஆகும் என்று மே மாதமே தெரிந்திருந்தால் என்ன செய்திருப்பார் என்று கேட்டேன். சற்று யோசித்து, "கறுப்பை எடுத்திருப்பன்" என்றார்.

மறுபடி செய்தால்

முதலில் கணக்கை மாற்றுவேன். ஏல விலையை முகவர் சொல்வதைவிடக் கொஞ்சம் ஏற்றியும், பவுணுக்குக் கிடைக்கும் யென்னைப் பத்து சதவீதம் குறைத்தும், இங்கே இறங்கிய பின் வேலைக்கு 1,400 அல்ல 3,500 என்றும் வைத்து, அப்படியும் தாங்குமா என்று பார்ப்பேன். தாங்காவிட்டால் உள்ளூர்க் காருக்கே திரும்புவேன். யென்னைத் தேவைப்படும் முன்பே, இரண்டு மூன்று தவணையாக வாங்கச் சொல்வேன்.

இந்த மாதிரி எஞ்சினும் கியர்பெட்டியும்தான் உயிரான கார்களை நேரடியாக ஏலத்தில் எடுக்க இனி ஊக்கப்படுத்த மாட்டேன். ஜப்பானிலேயே முகவரோ கடையோ ஏற்கெனவே வாங்கித் தன் இடத்தில் வைத்திருக்கும் கார் என்றால் விலை கொஞ்சம் கூடும். ஆனால் குளிர்ந்த எஞ்சினைக் கிளப்புவதையும், சூடானபின் இரண்டிலிருந்து மூன்றுக்கு மாற்றுவதையும் சத்தத்தோடு வீடியோ எடுத்து அனுப்பக் கேட்கலாம். அந்த ஒரு வீடியோ 1,450 பவுண் பெறும்.

உள்ளூர்க் காரைப் பற்றிய என் எண்ணமும் சற்று மாறியிருக்கிறது. முன்பெல்லாம் 'இங்கே பத்துக் குளிர்காலம் கண்ட கார்' என்றாலே முகம் சுளிப்பேன். இப்போது வந்த மாதமே பூசிய ரசீது இருக்கிறதா என்று முதலில் கேட்கிறேன். இருந்தால், எட்டு வருட எம்ஓடி வரலாறும் ஓட்டிப் பார்க்கும் வாய்ப்பும் சேர்ந்து, எந்த ஏல அறிக்கையும் தராத தெளிவை அந்தக் கார் தருகிறது.

பிப்ரவரியில் இன்னொரு தம்பி அதே மாடல் தேடி வந்தார். பழைய குறிப்பேட்டில் அந்தக் கறுப்புக் காரின் எண் இருந்தது. விற்றுப் போயிருக்கும் என்று தெரிந்தும் எம்ஓடி தளத்தில் போட்டுப் பார்த்தோம். ஜனவரியில் சோதனை நடந்திருக்கிறது, 74,000 மைல், தேர்ச்சி, ஒரு கவனக் குறிப்பும் இல்லை.